"சரி சார்"ங்கிறான், அடுத்த ரைடுலயும் அதே தப்பு. கபடி பசங்ககிட்ட எப்படிப் பேசுறது?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் பக்கம் அரசுப் பள்ளி கபடி டீம். 14லிருந்து 17 வயசு, 16 பசங்க. சாயங்காலம் 4.30லிருந்து 6 வரை, வாரம் அஞ்சு நாள், மண் கிரவுண்டு. லெஃப்ட் கார்னர், அதாவது தடுப்பு வரிசையில இடது ஓரத்துல நிக்கிற பையன்தான் பிரச்சினை. ரைடர் போனஸ் பாயிண்ட்டுக்குக் காலை நீட்டுற மாதிரி காட்டினாலே ஆங்கிளுக்கு, அதாவது கணுக்காலைப் பிடிக்கப் பாஞ்சிடுறான். ரைடர் அவன் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டுக் கோட்டுக்குப் போயிடுறான். "அவசரப்படாதடா"ன்னா "சரி சார்". அடுத்த ரைடுல மறுபடி அதே பாய்ச்சல். இத்தனைக்கும் பிராக்டீஸ்ல ஒழுங்கா பிடிக்கிறான். போன மேட்ச் தோத்ததுல இருந்து ரெண்டு பேர் வர்றதையும் குறைச்சுட்டாங்க. பேசுற விதத்துல எதை மாத்தணும்? கோச்சிங்கை முறையா கத்துக்க என்ன வழி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முதுநகர் கார்னர்:
"அவசரப்படாதே"ன்னா அவன் என்ன செய்வான்? எதைப் பார்க்கணும், எப்போ கிளம்பணும்னு அதுல எதுவுமே இல்லையே. கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்க.

போனஸ் செல்லணும்னா ரைடரோட ஒரு கால் போனஸ் லைனைத் தாண்டி ஊனணும், அதே நேரம் மத்த கால் தரையை விட்டு எழும்பி இருக்கணும். எழும்பின அந்த நொடியில உடம்பு எடை மொத்தமும் முன்கால்ல நிக்குது. அவன் நினைச்சாலும் அந்தக் காலைப் பின்னுக்கு இழுக்க முடியாது. சும்மா ஏமாத்துறவனுக்கு எடை பின்கால்ல இருக்கும், பின்கால் தரையை விட்டு நகராது. அதனால கார்னருக்கு ஒரே வாசகம் போதும்: "பின்கால் எழும்பினா போ." ரெண்டு வாரத்துக்கு ஆங்கிள் பத்தி வேற எதுவும் பேசாதீங்க. கை எங்க, இடுப்பு எவ்வளவு தாழ, எல்லாம் அப்புறம்.

பிராக்டீஸ்ல பிடிக்கிறான், மேட்சுல விடுறான்னா, பிராக்டீஸ்ல அவனுக்கு என்ன வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியுதுன்னு அர்த்தம். ஒரே ரைடர் பத்துத் தடவை ஒரே மாதிரி காலை நீட்டினா எவனும் பிடிப்பான். இப்படி மாத்திப் பாருங்க: பாதிக் கோர்ட், ஒரு ரைடர், லெஃப்ட் கார்னர், பக்கத்துல லெஃப்ட் இன். நிஜ போனஸ், பொய் போனஸ், கையால தொடுறது, மூணையும் கலந்து செய்யச் சொல்லி ரைடர் காதுல மட்டும் போடுங்க. ரைடு 15 நொடி, பத்து ரைடுக்கு ஒரு தடவை ஆள் மாத்தணும். இப்படி ரெண்டு பேர் மட்டும் தடுக்க நின்னா மேட்சுல போனஸ் கிடையாதுதான், அதுக்கு ஆறு பேராவது கோர்ட்ல நிக்கணும். இங்க அதைப் பார்க்க வேணாம்.

பாயிண்ட் கணக்குலதான் சூட்சுமம் இருக்கு. பிடிச்சா 1. பின்கால் தரையில இருக்கும்போது பாஞ்சா மைனஸ் 1. பாயாம நின்னு, ரைடர் வெறுங்கையோட திரும்பினா அதுக்கும் 1. இந்தக் கடைசி பாயிண்ட்டைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. நிக்கிறதுக்கும் மதிப்பு உண்டுன்னு ஸ்கோர் சொன்னா நீங்க கத்த வேண்டியதில்லை.

முதல் ரெண்டு மூணு நாள் பழைய பிராக்டீஸை விட மோசமாத்தான் தெரியும். பயந்து பழையபடி போயிடாதீங்க. கலந்து பழகினா அன்னிக்குச் சொதப்பும், ஆனா நாளைக்கு நிக்கும்னு 1979லயே ஷே, மோர்கன்னு ரெண்டு பேர் சோதிச்சுக் காட்டியிருக்காங்க.

சில்வர் பீச் மணல்ல இந்தப் பயிற்சி வேணாம். ஓட்டத்துக்கு மணல் நல்லது, ஆனா கால் புதையறதால எழும்புற நேரமே மாறிடும். கண்ணு தப்பாப் பழகிடும்.

உப்பளம் ஸ்டாண்டு:
மேல சொன்னது சரி. பேசுற ஆளைப் பத்தி நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

போனைச் சட்டைப் பையில போட்டு 20 நிமிஷம் உங்க குரலை ரெக்கார்டு பண்ணுங்க. ராத்திரி ஒரு தாள்ல அஞ்சு கட்டம் போட்டுக் கோடு கிழிச்சு எண்ணுங்க: இதைச் செய், இதைச் செய்யாதே, பாராட்டு, திட்டு, கேள்வி. சும்மா பேரைச் சொல்லிக் கத்தினது எல்லாம் திட்டுல சேரும். பெரும்பாலும் கேள்விக் கட்டம் காலியா இருக்கும்.

அமெரிக்காவுல ஜான் வுடன்னு ஒரு கூடைப்பந்து கோச். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக டீமுக்கு 12 வருஷத்துல 10 தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். தார்ப், கல்லிமோர்னு ரெண்டு உளவியல் ஆசிரியர்கள் 1974-75 சீசன்ல அவரோட 15 பிராக்டீஸ்ல உட்கார்ந்து இப்படித்தான் எண்ணினாங்க. 2,326 குறிப்பு. அதுல பாதி, என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்ங்கிற நேர் அறிவுரை. பாராட்டு 7 சதவீதம்கூட வரல. தப்பு நடந்தா சரியானதைச் செஞ்சு காட்டுவார், பையன் செஞ்ச தப்பைச் செஞ்சு காட்டுவார், மறுபடி சரியானது. சில நொடியில முடிஞ்சுடும், பிரசங்கம் கிடையாது.

நிக்கிற இடமும் முக்கியம். சாயங்காலம் 4.30க்கு வெயில் மேற்கே கண்ணுல அடிக்கும். பசங்க முதுகு சூரியனுக்கு, உங்க முகம் சூரியனுக்கு. ரோடும் அவங்க முதுகுக்குப் பின்னாடி போகட்டும், பஸ் போனா பதினாறு தலையும் திரும்பும்.

சொல்லி முடிச்சதும் "புரிஞ்சுதா?"ன்னு கேட்காதீங்க. அதுக்கு "சரி சார்" தவிர வேற பதில் நம்ம ஊர்ல கிடையாது. "எந்தக் காலைப் பார்க்கப் போற?"ன்னு கேளுங்க, இல்லேன்னா பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்க. வாயடைச்சா உங்க விளக்கம் எங்கேயோ ஓட்டைன்னு தெரிஞ்சிடும்.

டைம் அவுட் 30 நொடிதான், ஒரு பாதிக்கு ரெண்டு. முதல் 10 நொடி தண்ணி, மூச்சு. நீங்க வாயைத் திறக்காதீங்க. அடுத்த 10 நொடி கேப்டன் பார்த்தது. மிச்சத்துல நீங்க ஒரே ஒரு விஷயம், அதை யார் செய்யணுமோ அவன் திருப்பிச் சொல்லிட்டுக் கோர்ட்டுக்குப் போகட்டும். மூணு விஷயம் சொன்னா மூணும் போகும்.

வில்லியனூர் ரைடர்:
வுடன் கணக்கை அப்படியே இங்க இறக்காதீங்க. அவர் கையில இருந்தது நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த காலேஜ் பசங்க. 14 வயசுல, வீட்டுல விளையாட்டுக்கே திட்டு வாங்கிட்டு வர்றவனுக்கு 7 சதவீதம் பத்தாது. ஆனா "சூப்பர்டா"வும் பாராட்டு ஆகாது. "பொய் போனஸுக்கு மூணு தடவையும் நின்னுட்ட"ன்னா அதுதான் பாராட்டு, எதைத் திரும்பச் செய்யணும்னு அதுலயே இருக்கு.

வராம போன ரெண்டு பேர்கிட்ட தோத்த அன்னிக்கே பேசக்கூடாது, மறுநாள் தனியா. "ஏன் வரல"ன்னு ஆரம்பிச்சா பொய்க் காரணம்தான் வரும். "இந்த வாரம் பிராக்டீஸ்ல எது பிடிக்கல?"ன்னு கேட்டுட்டுக் காத்திருங்க, மௌனத்தை நீங்க நிரப்பக் கூடாது. தேவனாம்பட்டினம் மாதிரி மீனவக் குப்பத்துப் பசங்களா இருந்தா காலண்டரையும் பாருங்க. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், அது முடிஞ்சதும் வீட்டுல விடியற்காலை வேலை இருக்கும். சாயங்காலம் கால் இழுக்கிறதைச் சோம்பல்னு திட்டினா ஆளே போயிடுவான்.

ஆர்வம் மூட்டுற பேச்சைவிட 12 நொடி வீடியோ மேல். தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் ரைட் கார்னர், 2016 ப்ரோ கபடி நாலாவது சீசன்ல பாட்னா பைரேட்ஸ் கேப்டனா கோப்பை வாங்கினவர். அவரோட ஒரு ஆங்கிள் பிடியை, கமெண்ட்ரி சத்தத்தை அணைச்சுட்டு, பாயறதுக்கு முந்தின நொடியில நிறுத்துங்க. "பின்கால் எங்கே?" அவ்வளவுதான் கேள்வி. உங்க பையன் லெஃப்ட்ங்கிறதால கண்ணாடி மாதிரி திருப்பிப் பார்க்கச் சொல்லணும்.

கோர்ஸ் பத்திக் கேட்டீங்க. பட்டியாலா என்.ஐ.எஸ்., அதாவது தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம், 1961ல தொடங்கினது. அங்க ஓராண்டு டிப்ளமா இருக்கு, ஆறு வார சர்டிஃபிகேட் கோர்ஸும் இருக்கு. வேலையில இருக்கிறவங்களுக்கு ஆறு வாரம்தான் தோதுப்படும். உடற்கூறு, பயிற்சிச் சுமை, விதிகள் எல்லாம் கிடைக்கும். பசங்க முகத்தைப் படிக்கிறது அங்க வராது. அதுக்கு மாவட்டப் போட்டிகள்ல விசில் பிடிங்க, இல்லேன்னா ஸ்கோர் டேபிள்ல உட்காருங்க. மத்த கோச்சுங்க டைம் அவுட்ல என்ன சொல்றாங்க, அதுக்கப்புறம் கோர்ட்ல என்ன மாறுதுன்னு பக்கத்துல இருந்து பார்க்கலாம்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ரெக்கார்டு போட்டு எண்ணினதுல கேள்வி ரெண்டே ரெண்டு, ரெண்டும் "புரிஞ்சுதா". இன்னொரு சந்தேகம்: "பின்கால் எழும்பினா போ" ஆரம்பிச்சதுல நேரம் சரியாயிட்டு வருது, ஆனா ரைடர் முழங்கால்ல முகத்தை இடிச்சுக்கிறான். ரெண்டு வாரம் வேற எதுவும் பேசக்கூடாதுன்னீங்களே?

முதுநகர் கார்னர்:
அடிபடுற விஷயத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது, உடனே நிறுத்திடுங்க. தலை ரைடர் முழங்காலுக்கு நேரா போகுது, அதான். தலை காலுக்கு வெளிப்பக்கம், காது தொடையோட ஒட்டணும், ரெண்டு கையும் கணுக்காலைப் பூட்டி நெஞ்சுக்கு இழுக்கணும். ரைடர் அசையாம நிக்க, கார்னர் முட்டிபோட்டு இருபது தடவை. அப்புறம் நடந்து வர்ற ரைடர்கிட்ட பத்து. அது சரியா விழுந்த பிறகு திரும்ப பாதிக் கோர்ட்டுக்குப் போங்க. லெஃப்ட் இன் பையன்கிட்டயும் சொல்லிடுங்க: கார்னர் கை பூட்டினதும் அவன் ரைடரோட இடுப்புக்குப் போகணும். தாமதமானா ரைடர் தப்பிக்கத் திமிறுவான், அந்தத் திமிறல்லதான் முழங்கால் முகத்துல வந்து விழுது.