மாரி வந்தது, வீட்டுக்குத் தடிமனும் வந்தது

வணக்கம் உறவுகளே. நாங்கள் பரந்தன் பக்கம். ஐப்பசி மழை இறங்கியதும் வீட்டில் தடிமன். முதலில் பள்ளிக்கூடம் போகும் மகன், அடுத்து நான், இப்போது அம்மம்மா. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துப் பனங்கட்டியோடு குடிக்கிறோம். நொச்சி இலை போட்டு ஆவியும் பிடித்தாயிற்று. (மகனுக்கு ஆவி இல்லை, கொதிநீர்ப் பானைக்குக் கிட்ட அவனை விடப் பயம்.) தொண்டைக்கு இதம்தான். ஆனால் ஒருவர் எழும்ப மற்றவர் படுக்கிறார். தடிமன் வைரசால் வருவது, அன்டிபயோட்டிக் அதற்குக் கேட்காது. அதனால் நான் உங்களிடம் தடிமனுக்கு மருந்து கேட்கவில்லை. எல்லாரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் தொற்றாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இன்னொன்று, என் கணவர் காலபோக (மாரிகால நெல்) வயலில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிறார். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் குளிசையை உங்கள் பக்கம் எங்கே வாங்கினீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.