எங்கள் சின்னப் பள்ளியின் வரலாற்றை எங்கே தேடுவது?

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது ஒரு கிராமப் பங்கின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள திருச்சபைச் சமூகத்தின்) கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி. முதலில் கோவிலுக்குள்ளேயே வகுப்பு, அப்புறம் ஒரே ஓர் அறை, இப்போது தனிக் கட்டடம். இது வளர்ந்த கதையை எழுதும் வேலையைப் பங்குத்தந்தை என் தலையில் கட்டிவிட்டார்.

கையில் இருப்பது பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றுதான், அதிலும் பாதிப் பக்கம் பூச்சி அரித்தது. பிறந்த தேதிக் கட்டத்தில் வரிசையாகப் பல பிள்ளைகளுக்கு ஒரே தேதி, ஆசிரியரே போட்டுக்கொண்டார் போல! கோவிலின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம், ஆனால் மற்ற சமயப் பிள்ளைகளுக்கு அது உதவாது.

1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 491ஆம் விதி, பங்கு ஆவணங்களின் பட்டியல் இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும், ஒன்று ஆயரின் கீழுள்ள மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்கிறது. நடைமுறையில் அப்படி இருக்கிறதா, யாராவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? முன்பு பள்ளியை நடத்திய அருட்சகோதரிகள் தங்கள் தலைமை இல்லத்துக்கு எழுதிய கடிதங்கள், ஆண்டறிக்கைகள் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? பங்குத்தந்தையின் கடிதம் அவசியமா?

இன்னொன்று, மை மங்கிய பக்கங்களை மொபைலில் தெளிவாகப் படமெடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிளாஷ் போட்டால் எல்லாம் வெளுத்துப்போகிறது.