குதிரை நடையும் மனிதர் நடையும் ஒன்றா? நுவரெலியா குதிரைச் சிகிச்சை விவாதம்

லாயத்துப்பிள்ளை:
கிரகரி வாவிப் பக்கம் மட்டக்குதிரை சவாரி விடும் ஒருவர் முகநூலில் எழுதியிருக்கிறார்: "குதிரையின் நடை மனித நடை மாதிரியே இருக்கும். நடக்க முடியாத பிள்ளையை அரை மணித்தியாலம் ஏற்றினால் இடுப்பு நடக்கப் பழகிவிடும். ஓட்டிசத்துக்கும் மனநோய்க்கும் இதுவே மருந்து." நம் தோட்டத்து ஆட்கள் இதை வரிசையாகப் பகிர்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. என் அப்பா ரேஸ்கோர்ஸில் குதிரை பார்த்தவர். நான் லாயத்திலேயே வளர்ந்தவன். குதிரைக்கு நாலு கால், மனிதனுக்கு ரெண்டு. எப்படி ஒரே நடை ஆகும்?

பிசியோ அக்கா:
அண்ணே, காலை எண்ணாதீங்க, மேலே உட்கார்ந்திருக்கும் ஆளின் இடுப்பைப் பாருங்க. குதிரை மெதுவாக நடக்கும்போது அது முன்னும் பின்னும் போகும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் திரும்பும். நாம் நடக்கும்போதும் நம் இடுப்பு இப்படித்தான் அசைகிறது. அந்த ஆள் எழுதியது சிகிச்சை இல்லை, சவாரி. சிகிச்சை என்றால் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கூடவே இருக்க வேண்டும். ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த, இரண்டு பக்கமும் ஆள் வர வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

லாயத்துப்பிள்ளை:
குழப்புவது நானா? "மனித நடை மாதிரியே" என்று எழுதியது அவர். குதிரை நடக்கும்போது நாலு காலும் ஒவ்வொன்றாகத்தான் தரையில் படும். ஒரு அடிக்கு நாலு தட்டு. இது தெரியாமல் நடையைப் பற்றிப் பேசக்கூடாது.

பிசியோ அக்கா:
தெரிந்துதான் பேசுகிறேன். 2003இல் மூளை முடக்குவாதம் உள்ள 15 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. சிலரை 8 நிமிடம் குதிரையிலும் மற்றவர்களை அதே நேரம் அசையாத பீப்பாயிலும் உட்கார வைத்தார்கள். குதிரையில் இருந்தவர்களுக்கு இடது வலது தசைகளின் வேலை சமநிலைக்கு நெருங்கி வந்தது. பீப்பாயில் இருந்தவர்களுக்கு அப்படி வரவில்லை. நடை வேலை செய்யாவிட்டால் இது எப்படி?

லாயத்துப்பிள்ளை:
பதினைந்து பிள்ளை, எட்டு நிமிடம். இதுதானா உங்கள் ஆதாரம்? சரி, பீப்பாய்க்குச் சூடு உண்டா? குதிரையின் உடம்புச் சூடு கிட்டத்தட்ட 38 பாகை, நம்மைவிடக் கூட. சூடு பட்டால் தசை இளகும். அது நடையில்லை அக்கா, சூடு.

கொழுந்துக்கூடை:
நான் தலவாக்கலைப் பக்கம். என் மகனுக்கு மூளை முடக்குவாதம். இரண்டு காலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பேம்பர்ஸ் மாற்றும்போது தொடையைப் பிரிக்கவே என் இரண்டு கையும் வேண்டும், அப்புறம் யாராவது வந்து மாற்றிவிட வேண்டும். தெரிந்த ஒருவரின் மட்டக்குதிரையில் பிசியோ மிஸ் முன்னால் நின்று ஏற்றினார். முதலில் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. வீட்டுக்கு வந்ததும் நான் தனியாகவே பேம்பர்ஸ் மாற்றினேன். நடையா சூடா எனக்குத் தெரியாது. தொடை இளகியது.

லாயத்துப்பிள்ளை:
தங்கச்சி, பிள்ளை நல்லா இருக்கட்டும். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், தொடை இளகியது என்று. அதைத்தான் நானும் சொல்கிறேன். சூடு. நாலு கால் நடை ரெண்டு கால் நடையாகாது.

ஹட்டன் மைந்தன்:
உடம்பு விஷயத்தை விடுங்க. எனக்குக் கோபம் மனநோய்க் கதையில்தான். எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் இப்படி ஏதோ படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினான். குடும்பமே பட்டபாடு எனக்குத் தெரியும். மனநோய்க்குக் குதிரை என்று வந்த ஆய்வுகளை 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நம்பும்படி ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். பிசியோ அக்கா இதை ஏன் சொல்லவில்லை?

பிசியோ அக்கா:
நான் மனநோய் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே! மாத்திரையை நிறுத்தச் சொல்பவன் குற்றவாளி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குப்பையில் கொட்டாதீங்க. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்து 2015இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு வந்தது. ஒரு குழு 10 வாரம் சவாரி பழகியது. இன்னொரு குழு அதே பண்ணையில், உயிருள்ள குதிரையைத் தொடாமல், குதிரை பற்றி மட்டும் படித்தது. சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் துருதுருப்பும் அதிகமாகக் குறைந்தன. லிஸ் ஹார்டெலையும் கேட்டுப் பாருங்க. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண். குதிரையில் ஏறி இறங்க ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார்.

லாயத்துப்பிள்ளை:
அவர் நோய்க்கு முன்பே குதிரை ஓட்டியவர். நல்ல சவாரிக்காரி. பதக்கம் வாங்கியதால் குதிரைக்கு ரெண்டு கால் ஆகிவிடுமா?

ஈரச்சேணம்:
இரண்டு பேரும் குதிரையைப் பார்த்தே பேசவில்லை. ஏப்ரல் சீசனில் வாவிக்கரைக்குப் போய்ப் பாருங்க. சேணத்துக்குக் கீழே தோல் உரிந்து ஈ மொய்க்கும். சீசன் முடிந்தால் ரோட்டில் விட்டுவிடுவார்கள், இரவில் குப்பையைக் கிளறும். அந்தக் குதிரைக்கு முதலில் வைத்தியம் பாருங்க. லாயத்துப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும், வாய் திறக்க மாட்டார்.

லாயத்துப்பிள்ளை:
என் அப்பா கையில் ஒரு குதிரைக்கும் சேணப்புண் வந்ததில்லை. ஈரத் துணி போட்டுச் சேணம் கட்டினால் அடித்துவிடுவார். போன மாதம் பந்தயத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடித்ததும் நீதானே? 1875இலிருந்து ஓடும் ரேஸ்கோர்ஸ் அது. அந்தக் கோபத்தை இங்கே கொண்டு வராதே.

ஈரச்சேணம்:
நீங்கள்தான் அன்றைக்கு என் பதிவை அழிக்கச் சொன்னீர்கள். மறக்கவில்லை.

பிசியோ அக்கா:
ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டு! டவுன் சின்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். சோதிக்காமல் ஏற்றினால் ஆபத்து. வலிப்பு கட்டுப்படாத பிள்ளையையும், இடுப்பு மூட்டு விலகிய பிள்ளையையும் ஏற்றக்கூடாது. வாவிக்கரையில் இதைக் கேட்பார் உண்டா? இதைப் பகிருங்கள்.

லாயத்துப்பிள்ளை:
பார்த்தீர்களா, ஆபத்து என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

பிசியோ அக்கா:
ஒத்துக்கொள்ளவில்லை! யாரை ஏற்றலாம், யாரை ஏற்றக்கூடாது என்று சொன்னேன்.

கொழுந்துக்கூடை:
அண்ணே, நீங்கள் குதிரை தெரிந்தவர். கூட வந்து பிடித்துக்கொண்டால் என்ன? எங்கள் பக்கத்தில் குதிரை பிடிக்கத் தெரிந்த ஆளே இல்லை. பிசியோ மிஸ் தனியாகத்தான் எல்லாம் பார்க்கிறார்.

லாயத்துப்பிள்ளை:
பிடிப்பேன் தங்கச்சி, பிள்ளைக்காகப் பிடிப்பேன். ஆனால் "மனித நடை" என்று அந்த அக்கா அங்கே ஒரு வார்த்தை சொன்னால் கயிற்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

பிசியோ அக்கா:
சொல்வேன். இடுப்பில் கை வைத்துக் காட்டியே சொல்வேன்.

ஹட்டன் மைந்தன்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 2014 ஆய்வு என்ன ஆச்சு?

லாயத்துப்பிள்ளை:
நீ பொறு தம்பி. ஈரச்சேணம், உன் பதிவை அழிக்கச் சொன்னது நான்தான் என்று யார் உனக்குச் சொன்னது? பெயரைப் போடு.