மேல்மலை ஊர்க்குழு: ஆம்புலன்ஸுக்குத் தலைக்கட்டு வரியா?

தலைவர் மாமா, காலை 6:52
எல்லாருக்கும் வணக்கம். ஆம்புலன்ஸ் விசயம் ஞாயித்துக்கிழமை சாவடியில முடிவாகணும். எம்.பி. நிதியில வண்டி கேட்டு மனு குடுப்போம். ஓட்டுற செலவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, மாசம் 200 ரூவா வரி. கருத்து இருந்தா இங்க சொல்லுங்க. குட்மார்னிங் படம் போடாதீங்க.

திருப்பூர் குமார், 6:53
[பூ படம்]

திருப்பூர் குமார், 6:54
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பூண்டு மண்டி சித்தப்பா, 7:10
மாசம் 200ஆ? மச்சான், பூண்டு பாதி மழையிலயே அழுகிப்போச்சு, தெரியும்ல. அதான் கவர்மெண்டு 2008லேருந்து 108 விட்டுருக்கே, ஒத்தப் பைசா வாங்குறதில்ல. நமக்கு எதுக்குத் தனி வண்டி?

ஜீப் முருகன், 7:14
108 வராதுன்னு யாருண்ணே சொன்னா? கொடைக்கானல்ல இருந்து கெளம்பி நம்ம ஊரு ஏறணும்ல. சீசன்ல பூம்பாறை ரோட்டுல டூரிஸ்ட்டு காரு நடு ரோட்டுல நின்னு செல்ஃபி எடுக்கும். 2024ல இருந்து இ-பாஸ் வேற, கூட்டம் கொறஞ்சுச்சா? ஆம்புலன்ஸ் டிரைவர் ஹாரன் அடிச்சே கை வலிச்சுப்போறான், பாவம்.

ஜீப் முருகன், 7:15
அதுக்கு முன்னாடி போன் பேச டவர் கெடைக்கிற பாறைக்கு ஓடணும். போனை எடுக்குறவங்க சென்னையில இருக்காங்க. "பக்கத்துல என்ன அடையாளம்"னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்ல, சீகை மரம்னா?

திருப்பூர் குமார், 7:31
😂😂 மாமா, எம்.பி. நிதி வருசத்துக்கு 5 கோடி. வண்டி ஈசியா வாங்கிரலாம். நான் இங்க இருந்தே மனு டைப் பண்ணித் தர்றேன்.

நர்ஸ் அக்கா, 7:48
குமாரு, வண்டி வாங்குறதுல ஒண்ணும் இல்லப்பா. அந்த நிதியில டீசலுக்கும் சம்பளத்துக்கும் ஒத்த ரூவா தரமாட்டாங்க. வண்டி வந்த அன்னிக்கு மாலை போட்டு போட்டோ எடுப்போம். அப்புறம்? இன்சூரன்ஸ், எஃப்சி, டயர், ஆக்சிஜன் சிலிண்டரு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பனியில எந்திரிச்சு ஸ்டார்ட் பண்ண ஆள் வேணும். 240 தலைக்கட்டு, ஆளுக்கு 200, 48,000 வருது. ரெண்டு டிரைவருக்கு ஆளுக்கு 15,000 போனா மிச்சம் 18,000. அதுலதான் அம்புட்டும். ஒரு மாசம் பாதிப் பேரு குடுக்கலைன்னா வண்டி செட்டுல நிக்கும், கோழி முட்டை போடும்.

நர்ஸ் அக்கா, 7:50
இன்னொண்ணும் சொல்லிடுறேன். நெஞ்சடைச்சு ஒருத்தர் மூச்சுப் பேச்சில்லாம விழுந்தா, நாலு அஞ்சு நிமிசம் தாண்டுனாலே மூளை கெட ஆரம்பிச்சுரும். எந்த வண்டி வந்தாலும் அதுக்குள்ள வராது. பக்கத்துல நிக்கிறவங்கதான் நெஞ்சுல அமுக்கணும். பெரியவங்களுக்கு அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் இறங்கணும், நிமிசத்துக்கு 100லேருந்து 120 தடவை. ஞாயித்துக்கிழமை தலைகாணி எடுத்துட்டு வாங்க, அழுத்திக் காட்டுறேன். இதுக்கு வரி கிடையாது.

கோயில் பெரியப்பா, 8:20
🎤 குரல் செய்தி 1:12

தலைவர் மாமா, 8:26
பெரியவரு சொல்றது: வரி சரி, ஆனா யாரும் கோயில் பணத்தைக் கேக்கக்கூடாது.

ஜீப் முருகன், 8:29
யாருமே கேக்கலையேப்பா, அவரே சொல்றாரு 😄 திருவிழாவுல ஆடலும் பாடலும் ஒரு வருசம் இல்லாம இருந்தா...

கோயில் பெரியப்பா, 8:30
சாமி காசுல கை வைக்காத முருகா

திருப்பூர் குமார், 8:41
ஹோம்ஸ்டே வச்சிருக்கவங்க ரூமுக்கு இம்புட்டுன்னு குடுக்கட்டும். நம்ம வீட்டுக்கு வர்ற டூரிஸ்ட்டுக்கும் அந்த வண்டிதான ஓடும்? பார்பிக்யூ கரியை ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயிக் கதவைச் சாத்திட்டுத் தூங்கி உயிர் விட்ட சேதியெல்லாம் கொடைக்கானல்லயே கேட்டுருக்கோம்.

நர்ஸ் அக்கா, 8:44
ஆமா. அந்தக் கரியில வர்ற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமே கிடையாது, தூக்கத்துலயே உயிரு போயிரும். ஹோம்ஸ்டே அண்ணன் படிச்சுட்டாரு, ரெண்டு நீல டிக் வந்திருச்சு.

பூண்டு மண்டி சித்தப்பா, 9:05
தீப்பிடிச்சா? அதுக்கும் ஒரு வண்டி வாங்குவீங்களோ, அதுக்கு ஒரு 200?

ஜீப் முருகன், 9:11
தீயணைப்பு வண்டி நம்ம சந்துக்குள்ள திரும்பாதுண்ணே. 2021 டிசம்பர்ல குன்னூர் நஞ்சப்பசத்திரத்துல ஹெலிகாப்டர் விழுந்தப்ப ஊர்க்காரங்கதான் மொதல்ல ஓடிப்போயி குடத்துல தண்ணி ஊத்துனாங்க, கம்பளி குடுத்தாங்க. நம்மகிட்ட அதைவிட நல்லதே இருக்கு. மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், 200 லிட்டர் டிரம்மு. பிக்கப்ல ஏத்திட்டா பில்லு காஞ்ச மாசி, பங்குனித் தீய ஓரத்துலயே அமத்திரலாம். வீட்டுத் தீன்னா 101 அடிச்சுட்டு, அவுங்க வர்றவரைக்கும் இது.

நர்ஸ் அக்கா, 9:13
மருந்து கலந்த டிரம்மு வேணாம், தனியா ஒண்ணு. நல்லா கழுவி, சிவப்பு பெயிண்டு அடிங்க. கேஸ் சிலிண்டர் பத்திக்கிட்டா கிட்டப் போகாம, ரெகுலேட்டரை அடைக்க முடிஞ்சா மட்டும் அடைச்சுட்டு, வெளிய ஓடிரணும்.

பூண்டு மண்டி சித்தப்பா, 9:20
எங்கிட்ட ரெண்டு ஸ்பிரேயர் இருக்கு. ஒண்ணைக் குடுத்துர்றேன். மோட்டாரு போன வருசம்தான் மாத்துனேன். ஆனா பூண்டு விக்கிற மாசம் மட்டும்தான் 200, மத்த மாசம் கேக்காதீங்க.

தலைவர் மாமா, 9:24
அதை ஞாயித்துக்கிழமை எழுதிக்கலாம் மாப்ள. வருசத்துக்கு மொத்தமா கட்டுறவங்க கட்டலாம். வண்டி நிக்க செட்டுக்கு நமக்கு நாமே திட்டத்துல கேப்போம், மூணுல ஒரு பங்கு நாம போட்டா போதும். முதல்ல ராத்திரி முறைக்கு யாரு யாரு? லைசென்ஸ் இருக்கவங்க பேரு போடுங்க.

ஜீப் முருகன், 9:26
செவ்வாய், வெள்ளி நான். சந்தை லோடு இருக்க அன்னிக்கு வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

திருப்பூர் குமார், 9:27
நான் தீவாளிக்கு வரும்போது 😅

நர்ஸ் அக்கா, 9:28
தீவாளிக்கு மட்டும் நெஞ்சு வலிக்குமா உனக்கு?

ஹோம்ஸ்டே அண்ணன், 9:40
👍

பூண்டு மண்டி சித்தப்பா, 9:41
தம்பி, அந்தக் கட்டை விரலு ரூமுக்கு எத்தனை ரூவா?