பச்சையும் சிவப்பும்: நெல்லைக் கணக்குகளுக்கு ஒரு பட்டியல் போடலாமா?

ஆற்றங்கரைத்தம்பி (வண்ணார்பேட்டை), மாலை 6.10

ஒரு யோசனை. திட்டுவதாக இருந்தால் முழுவதையும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஷினிகாமி ஐஸ் என்று ஓர் உலாவி நீட்சி இருக்கிறது. எமனின் கண் என்பதுபோல் ஜப்பானியப் பெயர். வைத்தவருக்கு எமன் மேல் என்ன பிரியமோ! குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ நிறுவிக்கொண்டால் ஃபேஸ்புக், ரெட்டிட் போன்ற இடங்களில் கணக்குகளின் பெயர் நிறம் மாறித் தெரியும். திருநர்களோடு இணக்கமானவர் பச்சை, அவர்களை வெறுப்பவர் சிவப்பு. நிறம் தீட்டுவது பயன்படுத்துகிறவர்கள்தான். ஒருவர் பெயர்மேல் வலது பொத்தானை அழுத்திக் குறித்தால் அது தொகுப்புக்குப் போய், சலித்து எடுத்தபின் மற்றவர்களுக்கும் வருகிறது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைச் சுற்றி வளர்ந்த கருவி அது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு நாமே ஒன்று செய்தால் என்ன? நிரல் எழுதுவது என் பொறுப்பு. நம் நண்பர்களுக்குள் ஏற்கெனவே ஒரு விரிதாள் சுற்றுவது பலருக்குத் தெரியும். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள், தையல் கடைகள், ஆட்டோ ஓட்டுநர்கள், உள்ளூர்ச் செய்திப் பக்கங்கள் என்று இருநூறு பெயர்களுக்கு மேல் அதில் நிறம் போட்டிருக்கிறார்கள். அதை ஒழுங்காக்கினால் போதும்.

நீதிமன்ற வாசல் (பாளையங்கோட்டை), 6.42

தம்பி, வேண்டாம்.

பெயர் சொல்லி ஒருவரைச் சிவப்பு என்றால் அது அவரைப் பற்றிய குற்றச்சாட்டு. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500தான் புது எண்ணில் வந்திருக்கிறது. சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் தப்ப முடியாது, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். ‘நாற்பது பேர் சிவப்பு போட்டார்கள் ஐயா’ என்று கூண்டில் நின்று சொல்லிப் பார். அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் கூண்டுக்கு வருவார்கள்?

நீ சொல்லும் அந்த நீட்சி மீதே நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் நடவடிக்கை எடுத்தது. தன் பெயருக்கு நிறம் விழுந்திருப்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது என்பது அங்கே பெரிய கேள்வியாக எழுந்தது.

மஞ்சள்கிழங்கு (பாளையங்கோட்டை), 7.15

வக்கீல் அண்ணாச்சி, சட்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். திருநர்களுக்கு வாடகை வீடு மறுக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எந்தக் கதவைத் தட்டுவது?

நான் திருநங்கை. இரண்டு ஆண்டுகளில் மூன்று வீடு மாறியிருக்கிறேன். விளம்பரத்தைப் பார்த்து எண்ணை அழைப்பேன். என் குரலைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு நொடி மௌனம். அடுத்து ‘வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார், அவரே வீட்டுக்காரராக இருப்பார். சிலர் சிரிப்பார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

அந்த விரிதாள் வந்த பிறகு, சிவப்பாக இருந்த மூன்று பேரை நான் அழைக்கவில்லை. மூன்று அவமானம் மிச்சம். அவர்களை யாரும் சிறையில் அடைக்கவில்லை, வீட்டுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கும். நான் போகவில்லை, அவ்வளவுதான். இதற்குக்கூடவா சாட்சி வேண்டும்?

கணக்குப்பிள்ளை (மேலப்பாளையம்), 7.50

மஞ்சள்கிழங்கு சொல்வது நியாயம். ஆனால் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஆயிரம் கணக்குகள் இருக்கின்றன, அவற்றில் இருபதுதான் உண்மையில் வெறுப்பைக் கக்குகின்றன என்று கொள்வோம். கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகச் சொல்லும். கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? இருபதில் 19 சிவப்பாகும். மீதி 980இல் நூற்றுக்கு ஐந்து தவறு என்றால் 49 பேர் வீணாகச் சிவப்பாவார்கள். மொத்தச் சிவப்பு 68. அதில் 49 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

மஞ்சள்கிழங்கு, 8.02

ஆயிரம் பேரையும் வரிசையில் நிறுத்தியா நிறம் போடுகிறோம்? ஏதாவது எழுதிக் கண்ணை உறுத்தியவர்களைத்தான் ஒருவர் குறிக்கிறார். உங்கள் கணக்கில் அது வரவில்லை.

கணக்குப்பிள்ளை, 8.20

வரவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். உறுத்தியவர்களை மட்டும் குறித்தால் தவறு வெகுவாகக் குறையும்.

என் பெரிய அச்சம் வேறொன்று. நாற்பது பேர் குறித்தார்கள் என்றால் அது நாற்பது சாட்சியா? ஒருவர் ஒரு பதிவைப் படம்பிடித்துக் குழுவில் போடுகிறார், மற்ற முப்பத்தொன்பது பேரும் அதைப் பார்த்து அழுத்துகிறார்கள். சாட்சி ஒன்றுதான், மற்றதெல்லாம் எதிரொலி. ட்விட்டரில் 2021இல் பேர்ட்வாட்ச் என்று தொடங்கி இன்று கம்யூனிட்டி நோட்ஸ் என்று இருப்பதில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வழக்கமாக ஒத்துப்போகாதவர்கள் ஒரு குறிப்பைப் பயனுள்ளது என்று ஒத்துக்கொண்டால்தான் அது வெளியே தெரியும். அங்கே குறிப்பு விழுவதும் ஆளின் மேல் அன்று, ஒரு பதிவின் மேல்.

மஞ்சள்கிழங்கு, 8.26

என்னை வெறுப்பவரும் வந்து ‘ஆமாம், இவர் வெறுக்கிறார்’ என்று கையெழுத்துப் போடும்வரை நான் காத்திருக்க வேண்டும். நல்ல வழி.

சும்மாஇரு, 8.31

இப்படி மனிதர்களை நிறம் பிரித்து ஒதுக்குவதற்குப் பெயர்தான் தீண்டாமை. நாளைக்கு எனக்கும் சிவப்பு போடுவீர்கள்.

ஆற்றங்கரைத்தம்பி, 8.34

வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவர் கதவைச் சாத்துவதும், சாத்தப்போகும் கதவை ஒருத்தி முன்கூட்டியே தவிர்ப்பதும் ஒன்றா? சொல்லை எடுப்பதற்கு முன் ஊர் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

பட்டியல் வெளியே கசியாதா என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள். பெயர்களை அப்படியே வைக்கத் தேவையில்லை. ஷினிகாமி ஐஸ் பயன்படுத்துவது பர்ட்டன் புளூம் என்பவர் 1970இல் சொன்ன ஒரு முறை. கோலத்தை வைத்துச் சொல்கிறேன். வாசல் நிறையப் புள்ளி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெயரும் ஒரு கணக்கின்படி ஐந்தாறு புள்ளிகளை மட்டும் வண்ணப்பொடியால் நிரப்பும், பெயரை எங்கேயும் எழுதுவதில்லை. பிறகு ஒரு பெயரைச் சோதிக்கும்போது அதற்குரிய புள்ளிகள் எல்லாம் நிரம்பியிருந்தால் ‘இருக்கிறது’, ஒன்று வெறுமையாக இருந்தாலும் ‘இல்லை’. சோதனை நம் கணினியிலேயே நடந்துவிடும், நாம் யாரைப் பார்க்கிறோம் என்று வெளியே சொல்ல வேண்டியதில்லை.

குறை ஒன்று உண்டு. வேறு வேறு பெயர்கள் நிரப்பிய புள்ளிகள் சேர்ந்து, சம்பந்தமே இல்லாத ஒருவருடைய புள்ளிகளை முழுமையாக்கிவிடலாம். அவர் சும்மாவே சிவப்பாவார். வாசலைப் பெரிதாக்கினால் இது மிக அரிதாகிவிடும்.

நீதிமன்ற வாசல், 8.50

அதாவது யாரும் குறிக்காமலே ஒருவன் குற்றவாளி ஆகலாம். கோலம் அழகாகத்தான் இருக்கிறது தம்பி.

ஆற்றங்கரைத்தம்பி, 8.53

அரிதாக, அண்ணாச்சி, அரிதாக! மனிதர்கள் செய்யும் தவறுக்கு முன்னால் அது தூசு.

அம்பை வாத்தியார் (அம்பாசமுத்திரம்), 9.40

முப்பத்தோராண்டு தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த விரிதாளில் என் பெயர் சிவப்பாக இருக்கிறது.

போன மாதம் என் பேத்தி கைப்பேசியைக் கொண்டுவந்து, ‘தாத்தா, இது நீங்கள்தானே?’ என்று காட்டினாள். என் பெயர், அதன் பக்கத்தில் சிவப்புக் கட்டம், காரணம் என்ற இடத்தில் ‘இழிசொல் பயன்படுத்தினார்’ என்று இரண்டே சொல். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நான் எழுதியது திணை, பால் பற்றிய ஓர் இலக்கணப் பதிவு. பேடு, அலி என்று அழைக்கப்பட்டவர்களைத் தொல்காப்பியமும் நன்னூலும் எப்படி வகைப்படுத்துகின்றன என்பது பொருள். ஆண்மை திரிந்தவரைத் தொல்காப்பியர் உயர்திணைக்குள்தான் வைக்கிறார். அஃறிணை என்று தள்ளவில்லை என்பதை எடுத்துக்காட்டத்தான் எழுதினேன். அலி என்பது இன்று வசையாகிவிட்டது என்பது தெரியாதவன் அல்லன். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தி, 2022இல் அரசு கண்ணியமான சொற்களின் பட்டியலை வெளியிட்டபோது அதை அச்செடுத்துப் பள்ளிக்குக் கொடுத்தவன் நான். குறித்தவர் நான்கு வரி மேலும் படித்திருந்தால் போதும்.

சும்மாஇரு என்பவர் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பட்டியல் தவறு என்றும் சொல்லமாட்டேன். இது தவறு என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் கட்டத்துக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டாமா?

கணக்குப்பிள்ளை, 9.52

வாத்தியார் ஐயா கேட்டதுதான் கேள்வி.

மஞ்சள்கிழங்கு, 10.35

ஐயா, அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரி நான். சிவப்பு போட்டது நான்தான்.

உங்கள் பதிவின் முதல் சொல்லே அது. பள்ளிக்கூட மைதானத்திலும் ஜங்ஷன் பேருந்து நிலையத்திலும் அந்தச் சொல்லை முதுகில் வாங்கி வளர்ந்தவள் நான். இரண்டாவது வரிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பக்கத்தை மூடினேன், விரிதாளைத் திறந்தேன், குறித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போதுதான் கடைசி வரைக்கும் படித்தேன்.

பேத்தியைப் பற்றிச் சொன்னீர்கள். அது எனக்குச் சுட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்தது தவறு என்று இப்போதும் எனக்கு முழு மனத்தோடு சொல்ல வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பை வாத்தியார், 10.58

சொல்ல வேண்டாம், தாயே. முதல் சொல்லாக அதை வைத்தது நான். படிப்பவர் திடுக்கிடட்டும் என்றுதான் அப்படித் தொடங்கினேன். யார் திடுக்கிடுவார்கள் என்று யோசிக்கவில்லை.

நீதிமன்ற வாசல், 11.05

இப்போது ஒரு கேள்வி. சிவப்பில் இப்படித் தவறு வருகிறது. பச்சை?

மஞ்சள்கிழங்கு, 11.30

பச்சையைப் பற்றிக் கேட்காமல் இருந்திருக்கலாம் அண்ணாச்சி.

ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்தன்று வாழ்த்துப் படம் போட்ட ஒருவர். அந்த ஒரு படத்துக்காகவே யாரோ பச்சை போட்டிருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய படம். மாடி வீடு, வெளியே தனிப்படி, வாடகை கட்டுப்படியாகும். குறுஞ்செய்தியிலேயே எல்லாம் பேசி முடித்தோம். போனேன். குழாயைத் திறந்து ‘ஆற்றுத் தண்ணீர்’ என்று கையில் ஏந்திக் காட்டினார். முன்பணம் எழுத நோட்டை எடுத்தார். ஆதார் நகலைக் கொடுத்தேன். பாலினம் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. மேசைமேல் இருந்த சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். காப்பி வந்தது, நல்ல காப்பி. சொந்தத்தில் ஒருவர் முன்பே கேட்டிருந்தார், மறந்துவிட்டேன் என்றார்.

சிவப்பைப் பார்த்தால் நான் போகமாட்டேன், நட்டம் ஒன்றும் இல்லை. பச்சையைப் பார்த்துத்தான் பெட்டியைக் கட்டிவிட்டேன். பழைய வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை, 11.41

சிவப்பையே பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் கணக்குப் போட்டேன். மன்னிக்க வேண்டும்.

ஆற்றங்கரைத்தம்பி, மறுநாள் காலை 7.20

இரவெல்லாம் யோசித்தேன். கைமாறும் பக்கங்கள் இன்னொரு தொல்லை. பேருந்து நேரம் போட்டுவந்த ஓர் உள்ளூர்ப் பக்கத்தை யாரோ வாங்கி, இப்போது அதில் கேலிப்படம் மட்டும்தான் வருகிறது. நிறம் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆள் மாறியது அதற்குத் தெரியாது.

ஆகவே நிறத்தைக் கைவிடுகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் என்ன நடந்தது என்று இரண்டு வரி, தேதி, நேரில் பட்டதா கேள்விப்பட்டதா என்ற குறிப்பு. ஓராண்டு தாண்டினால் தானாக மங்கிவிடும். மறுப்புச் சொல்ல ஓர் இடம். பொதுவில் வைக்கமாட்டேன்.

நீதிமன்ற வாசல், 7.45

இரண்டு வரி எழுதினால் அவதூறு இன்னும் தெளிவாகிவிடுமே தம்பி! ஆனால் நேரில் பட்டவர் எழுதினால் சாட்சியும் கூடவே வருகிறது. முழுமனத்தோடு சம்மதிக்கவில்லை. நேற்றைவிடக் குறைவாக எதிர்க்கிறேன்.

மஞ்சள்கிழங்கு, 8.10

வாத்தியார் ஐயாவின் சிவப்பை எடுத்துவிட்டேன். பச்சை போடவில்லை. பேத்தியிடம் காட்டுங்கள்.

தம்பி, உன் புதுப் பட்டியல் எப்போது தயாராகும்? வெள்ளிக்கிழமை பெருமாள்புரத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். விரிதாளில் பச்சைதான். யார் போட்டது, எதற்குப் போட்டது, ஒன்றும் இல்லை.

நீதிமன்ற வாசல், 8.14

எத்தனை மணிக்கு? நானும் வருகிறேன்.