முன்னால் போன காரில் இடித்துவிட்டேன், 40 ஆயிரம் கேட்கிறார். அவசரம்!

வேகன்ஆர்காரன்: இன்று காலை சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போன காரின் பின்புறம் இடித்துவிட்டேன். அவர் திடீரென பிரேக் போட்டார். பம்பர், டிக்கி கதவு இரண்டும் நசுங்கிவிட்டன. சாயங்காலத்துக்குள் 40 ஆயிரம் வேண்டுமாம். தப்பு யார் மேல்? கொடுத்துவிடலாமா?

தாம்பரத்தான்: என்ன வேகம்? சிக்னலா, ஓடுகிற ரோடா? யாருக்காவது அடியா? பாலிசி என்ன?

கிளட்ச்_கண்ணன்: அவர் வண்டியில் பிரேக் லைட் எரிந்ததா? பாதிப் பேருக்கு பல்பு போனதே தெரியாது. என் மச்சான் கேஸே அந்த பல்பில்தான் திரும்பியது.

மூத்த_ஓட்டுநர்: இதற்கு இங்கே நூறு முறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. "திடீரென பிரேக் போட்டார்" என்பதெல்லாம் செல்லாது. முன்வண்டி சட்டென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும். 2017 வரை இருந்த 1989 சாலை விதிகளில் 23-வது விதி அது. லாரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடியில் போய் மோதிய கார் ஓட்டுநர் மேல்தான் தவறு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு, எல்.எல்.ஆர். போட்டபோது படித்ததை மறுபடி படியுங்கள்.

கோவை_ரைடர்: 23-ஐச் சொன்னவர் 24-ஐ ஏன் விட்டீர்கள் சார்? பாதுகாப்புக் காரணம் இல்லாமல் சடாரென பிரேக் போடக்கூடாது என்பது அது. எங்கள் ஊர் வழக்கு: 2017-ல், மனைவிக்கு வாந்தி வருகிறதென்று நெடுஞ்சாலையில் ஒருவர் காரைச் சட்டென நிறுத்தினார். பின்னால் பைக்கில் வந்த மாணவர் மோதி விழ, பஸ் காலில் ஏறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தவறைக் கார்மேல் 50, பஸ்மேல் 30, மாணவர்மேல் 20 விழுக்காடு என்று பிரித்தது. எப்போதும் பின்னால் வந்தவன்தான் என்று கிடையாது.

மூத்த_ஓட்டுநர்: அந்த 20 எதற்கு? இடைவெளி விடாததற்கும் சேர்த்துத்தான். 2 விநாடி இடைவெளி விட்டால் இந்த இழையே இருக்காது. 50 கி.மீ. வேகத்துக்கு 28 மீட்டர்.

தாம்பரத்தான்: குரோம்பேட்டையில் 28 மீட்டர் விட்டால் நாலு ஷேர் ஆட்டோவும் ஒரு தண்ணி லாரியும் உள்ளே வந்துவிடும்.

மூத்த_ஓட்டுநர்: வரட்டும். நான் 31 வருடமாக விட்டுத்தான் ஓட்டுகிறேன்.

கிளட்ச்_கண்ணன்: அதனால்தான் உங்கள் பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள் :)

வேகன்ஆர்காரன்: யாருக்கும் அடி இல்லை. பம்பர் டு பம்பர்.

தாம்பரத்தான்: எது, டிராஃபிக்கா, பாலிசியா? தேய்மானம் கழிக்காத பாலிசிக்கும் அதுதானே பெயர்.

வேகன்ஆர்காரன்: டிராஃபிக். பாலிசி முழு இன்சூரன்ஸ். நான் நின்றுவிட்டேன் சார், பின்னால் வந்த டெம்போ இடித்ததில்தான் முன்னால் போய் முட்டினேன்.

கோவை_ரைடர்: அடப்பாவி! இதை முதலில் சொல்ல மாட்டீர்களா?

பட்டறை_செல்வம்: முன்கார்க்காரருக்கு எத்தனை சத்தம் கேட்டது என்று கேளுங்க தம்பி. ஒரே "டம்" என்றால் டெம்போ உங்களைத் தள்ளியிருக்கிறது. இரண்டு என்றால் நீங்கள் முதலில் முட்டி, அப்புறம் டெம்போ வந்திருக்கிறது. பம்பரையும் பாருங்க. பிரேக்கை அழுத்திக்கொண்டே போய் இடித்தால் மூக்கு தாழும், அடி கீழே விழும். அவர் பம்பரில் உங்கள் நம்பர் பிளேட் ஸ்க்ரூ பதிந்திருக்கும். அந்தத் தடத்தின் உயரத்தையும் உங்கள் ஸ்க்ரூவின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்க. இரண்டு வண்டிக்கும் டிங்கரிங் தொடங்கும் முன்னால்.

தாம்பரத்தான்: பணம் ஏதும் கொடுக்கவில்லையே? உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் தப்பை ஒத்துக்கொள்வதோ பணம் தருவதோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கும். முதலில் அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். முன்கார்க்காரருக்கும் முழு இன்சூரன்ஸ் இருந்தால் தன் பாலிசியிலேயே சரிசெய்துகொள்ளலாம். நோ கிளைம் போனஸ் (கிளைம் செய்யாதவருக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும் என்றுதான் உங்களிடம் ரொக்கம் கேட்பார்.

வேகன்ஆர்காரன்: 5 ஆயிரம் ஜிபே பண்ணிவிட்டேன்.

மூத்த_ஓட்டுநர்: பிரமாதம்.

தாம்பரத்தான்: அதையும் கம்பெனியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டெம்போ நம்பர்?

வேகன்ஆர்காரன் (மறுநாள்): ஒரே சத்தம்தான் கேட்டதாம். டெம்போ நம்பர் குறிக்கவில்லை. எதிரே டயர் கடையில் கேமரா இருக்கிறது, இப்போது அங்கேதான் நிற்கிறேன். நன்றி.

பட்டறை_செல்வம்: பழைய பதிவு அழிந்துவிடும் தம்பி, பென் டிரைவோடு போங்க.

கிளட்ச்_கண்ணன்: கடைசி வரை சொல்லவே இல்லையே, பிரேக் லைட் எரிந்ததா?