வளர்ச்சி ஹார்மோனை விட்டுட்டு ஐ.ஜி.எஃப்-1 எதுக்கு?

கேள்வி:
பையனுக்கு 9 வயசு. ஸ்கூல் அசெம்பிளியில எப்பவும் இவன்தான் முன்னாடி நிப்பான். டாக்டரம்மா ஐ.ஜி.எஃப்-1னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்காங்க. வளர்ச்சி ஹார்மோனையே நேரா பார்த்துடலாமே? வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகணுமா?

பதில்:
லேப்ல ரத்தம் எடுக்கிறவன் நான். வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலேர்ந்து விட்டு விட்டுதான் வரும், ராத்திரி ஆழ்ந்த தூக்கத்துல அதிகம். பகல்ல எடுத்தா நல்லா வளர்ற பிள்ளைக்கே ஒண்ணுமில்லாத மாதிரி காட்டும். அந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி உண்டாக்குறதுதான் ஐ.ஜி.எஃப்-1. புரதத்தோட ஒட்டிக்கிட்டு ரத்தத்துல தங்குறதால நாள் முழுக்க அளவு பெருசா மாறாது. பட்டினி பொதுவா தேவையில்லை. கூட வேற டெஸ்ட் இருந்தா கேட்டுக்குங்க. ரிப்போர்ட்ல வயசு சரியான்னு பாருங்க சார். பெரியவங்க அளவோட ஒப்பிட்டா வீண் பயம்தான்.

பதில்:
குறைஞ்சு வந்தாலும் உடனே வளர்ச்சி ஹார்மோன் ஊசின்னு முடிவு கட்டாதீங்க அண்ணா. சரியா சாப்பிடாட்டியும், தைராய்டு குறைஞ்சாலும் இது இறங்கும். சந்தேகம் இருந்தா மருந்து கொடுத்துத் தூண்டி, வளர்ச்சி ஹார்மோனைப் பல தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க.

கேட்டவர்:
நன்றிங்க. இவன் சோத்தைக் கண்டாலே ஓடுறவன், அதையும் சொல்லிடறேன். இடது கைக்கு எக்ஸ்ரேவும் எழுதியிருக்காங்களே?

பதில்:
எலும்பு வயசு பார்க்க, அதாவது எலும்பு எந்த வயசுக்கு ஏத்த மாதிரி வளர்ந்திருக்குன்னு பார்க்க. அதையும் எடுத்துடுங்க.